பழைய ஸ்போர்ட்ஸ் கார் சீட்: கவருக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 1972இல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. டிரைவர் சீட்டில் தையல் விட்டு ரெக்சின் பிளந்துவிட்டது. ஆன்லைனில் தைத்துத் தயாராக கவர் செட் கிடைக்கிறது. குஷன் வேலை செய்பவரோ அதைவிடப் பல மடங்கு கேட்கிறார். கவரை மட்டும் வாங்கி நானே மாட்டிவிடலாமா?

பதில்: கை வேலையில் பழக்கம் உள்ளவர் என்றால் தாராளமாக மாட்டலாம். ஆனால் நீங்கள் ஒப்பிடுகிற இரண்டு விலையும் ஒரே வேலைக்கானவை அல்ல. கவர் செட்டுக்குக் கொடுப்பது வெறும் மேலுறைக்கான பணம். தையல் ஏன் விட்டது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் கீழே இருக்கும். இந்த வகை சீட்டில் ஃபோமைத் தாங்குவது ரப்பர் பட்டைகளோ ரப்பர் விரிப்போதான். வருடக்கணக்கில் அந்த ரப்பர் இறுகி, வெடித்து, தொய்ந்துவிடும். ஃபோம் கீழே இறங்கும். நீங்கள் உட்காரும்போதெல்லாம் முழு இழுப்பும் கவரின் தையலில் வந்து விழும். அதன் மேல் புதுக் கவரைப் போட்டால் முதலில் சுருக்கம் விழும், அப்புறம் அதே இடத்தில் பிளக்கும்.

சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். கார்ப்பெட்டில் மஞ்சளாகப் பொடி உதிர்ந்திருந்தால் ஃபோமின் ஆயுள் முடிந்தது. சீட் சாயும் மூட்டுப் பகுதியைச் சுற்றி ஃப்ரேமில் வெல்டிங் விட்டிருக்கிறதா, ரன்னர் (சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம்) துருவேறி இறுகியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். துருவை எடுப்பது, வெல்டிங், பெயின்ட் எல்லாம் புதுக் கவர் பக்கத்தில் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

செட் வாங்குவதானால் காரின் வருடத்தை மட்டும் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்த கார். இடையில் சீட்டின் வடிவம் பலமுறை மாறியது. தவிர, முந்தைய சொந்தக்காரர் யாராவது வேறு வருடத்துச் சீட்டை மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. சேஸிஸ் எண்ணோடு, உங்கள் சீட்டின் முன், பின், பக்கவாட்டுப் படங்களையும் அனுப்பிக் கேளுங்கள்.

இனி, பலர் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன்: சீட்டின் உயரம். அமுங்கிப்போன ஃபோமில் உட்கார்ந்தே நீங்கள் பழகியிருப்பீர்கள். புது ஃபோமும் புது ரப்பரும் போட்டால் சீட் உயரும். சிறிய ரோட்ஸ்டரில் இரண்டு விரல் உயரம் கூடினாலே தொடை ஸ்டீயரிங்கில் இடிக்கும், கண்ணுக்கு நேராக முன்கண்ணாடியின் மேல் சட்டம் வந்து நிற்கும். அதனால் கழற்றுவதற்கு முன் வழக்கம்போல உட்கார்ந்து தலைக்கும் மூடிய கூரைக்கும், தொடைக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள இடைவெளியை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். புது ஃபோம் போட்டதும், கவர் மாட்டாமலே சீட்டைக் காரில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். கவர் மாட்டிய பிறகு ஃபோமைச் செதுக்குவது இரட்டைச் செலவு.

"நல்ல கெட்டியான ஃபோம் போடுகிறேன்" என்பார்கள். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி அதிகமானால் ஃபோம் நாள்பட உழைக்கும்; உட்கார மெத்தென்று இருக்குமா, பலகைபோல் இருக்குமா என்பதைக் கடினம்தான் தீர்மானிக்கும். இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். அந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்த ஃபோம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தட்டையான ஷீட்டை வெட்டி ஒட்டி அந்த வளைவுகளைக் கொண்டுவர உண்மையிலேயே கைதேர்ந்தவர் வேண்டும்.

கொட்டேஷனை மொத்தமாக வாங்காமல் ஃப்ரேம், ரப்பர், ஃபோம், கவர், கூலி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய கவர் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். நாளை ஏதாவது ஒரு மடிப்போ பைப்பிங்கோ (தையல் ஓரத்தில் வரும் உருண்டைக் கரை) எப்படி இருந்தது என்று தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

கேள்வி: 1960களின் ஜாகுவார் ஈ-டைப் சீட்டுக்குத் தோல் போடச் சொன்னேன். "முழுக்கத் தோல்" என்கிறார்கள், விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சந்தேகம் நியாயமானது. "முழுக்க" என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். அசல் காரிலேயே உட்காரும் முகப்புக்குத் தோலும் பின்பக்கத்துக்கு ரெக்சினும்தான் இருந்தது, அதில் தவறில்லை. ஆனால் எந்தப் பாகத்துக்கு எது என்று பில்லில் இருக்க வேண்டும். இன்னொரு ஆபத்து, தோல் தூளை பாலியூரித்தேனோடு சேர்த்து ஷீட்டாக்கி விற்கும் சரக்கு. அதையும் தோல் என்றே சொல்வார்கள், சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். சாம்பிள் துண்டு வாங்கி ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நல்ல தோல் எளிதில் கிழியாது, வெட்டிய விளிம்பில் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும்.

அதற்கும் முன்னால், பழைய தோலை எறிய வேண்டுமா என்று யோசியுங்கள். மேலே வெடிப்பும் நிறம் போனதும் மட்டும் என்றால் நிரப்பி, சாயம் ஏற்றி மீட்டுவிடலாம். தையல் மட்டும் விட்டிருந்தால் பழைய ஓட்டைகளிலேயே மறுபடி தைக்கலாம். கட்டைவிரலால் அழுத்தும்போதே கிழிகிறது என்றால்தான் மாற்ற வேண்டும். அசல் தோல் இருக்கும் கார், நன்றாக மாற்றப்பட்ட காரைவிட மதிப்பு கூடியது என்பது என் உறுதியான கருத்து. கூரை திறக்கும் கார் என்றால் நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், நைலானைவிட வெயிலை நன்றாகத் தாங்கும்.

கேள்வி: பழைய சீட்டில் ஹெட்ரெஸ்ட் இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 சீட்டை வாங்கி மாட்டலாமா?

பதில்: பலர் செய்கிறார்கள், நல்ல யோசனைதான். அமெரிக்காவில் பயணிகள் கார்களுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயமானதே 1969 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய பல ஸ்போர்ட்ஸ் கார்களின் சீட் தோள் அளவோடு நின்றுவிடும், பின்னால் மோதினால் கழுத்துக்குத் தாங்கல் இல்லை. 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 சீட் ஒடுக்கமானது, சீட்டுக்குள் ஏர்பேக் கிடையாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள பிந்தைய சீட்களைத் தவிருங்கள்.

போல்ட் ஓட்டைகள் ஒத்துவராது, தனி பிராக்கெட் வேண்டும். தரைத் தகடு துருப்பிடித்திருந்தால் எவ்வளவு நல்ல சீட்டும் விபத்தில் பிய்த்துக்கொண்டு வரும், எனவே முதலில் தரை. பழைய சீட்களை விற்காமல் ரன்னரோடு பத்திரமாக வையுங்கள், காரை விற்கும்போது தேவைப்படும்.

கேள்வி: கவர் மாற்றும்போதே சீட்டைச் சூடேற்றும் மின்சார பேட் வைக்கலாமா?

பதில்: வைப்பதென்றால் கவர் திறந்திருக்கும்போதுதான் சரியான நேரம். தனி ஃப்யூஸும் ரிலேயும் போடுங்கள். ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ உள்ள காரில் ஹெட்லைட்டோடு இதையும் ஓட்டினால் பேட்டரி இறங்கிவிடலாம். எம்ஜிபியில் 1967 வரை பாசிட்டிவ் எர்த் இணைப்பு, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் பாடியோடு இணைந்திருக்கும். அந்தக் காரில் பேட் சூடாகும், ஆனால் அதோடு வரும் எலெக்ட்ரானிக் சுவிட்ச் நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்டதென்றால் எரிந்துபோகும். வாங்குமுன் விற்பவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.