பல் மருத்துவ சீட்டுக்காக நிலத்தை விற்காதீர்கள், அம்மா

அம்மா, போன சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்திருந்தபோது பேச்சு முழுக்க அந்த பி.டி.எஸ். சீட்டைப் பற்றித்தான் இருந்தது. நீட் மதிப்பெண்ணுக்கு அரசு ஒதுக்கீட்டில் கிடைக்காது, கிணற்றடி நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கிவிடலாம் என்று பெரிய மாமா சொல்கிறார். "பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாமே சார்" என்றீர்கள். உங்கள் கலக்கத்தைப் பார்த்து, யோசிப்போம் என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துவிட்டேன். வேண்டாம்.

பல் மருத்துவராக வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. நான்கு வருடம், அப்புறம் ஒரு வருடப் பயிற்சி. மேலே எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம். சொந்த கிளினிக் என்றால் நாற்காலி, எக்ஸ்ரே, வாடகை. அதற்குள் நிலம் கைவிட்டுப் போயிருக்கும். ஆனால் உங்கள் மகள் துடிப்பது வேறு ஒன்றுக்காக.

நீங்கள் போன் பேச வெளியே போனபோது அவளிடம் கேட்டேன். சொத்தைப் பல்லுக்குப் போனபோது, பேனா மாதிரி ஒரு கருவியை டாக்டர் மற்ற பற்கள் மேல் வைத்தாராம், திரையில் ஒரு எண் வந்ததாம். "அந்த நம்பர் எப்படி சார் வருது?" என்று என்னிடமே மூன்று முறை கேட்டாள். சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஜெர்மனியின் காவோ நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த டயக்னோடென்ட் இந்த வகைதான். 655 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒளி பல்லுக்குள் போகிறது. சொத்தை தொடங்கிய இடத்தில் பாக்டீரியா விட்டுச்செல்லும் பொருட்கள் அந்த ஒளியை வாங்கி, இன்னும் நீளமான அலைநீளத்தில் திருப்பி ஒளிர்கின்றன. கருவி தன்னுடைய ஒளியை வடிகட்டிவிட்டு, திரும்பி வந்ததை மட்டும் அளந்து 0 முதல் 99 வரை ஒரு எண்ணாகக் காட்டுகிறது. எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் எனாமலில் தாதுச்சத்து கணிசமாகக் கரைந்துபோயிருக்கும். அதற்கு முன்பே பிடித்துவிட்டால், பல்லைக் குடையாமல் ஃப்ளோரைடு வைத்தே பல சமயம் சரிசெய்யலாம்.

சிக்கலும் உண்டு. பல்லில் ஒட்டிய கறையும் கெட்டியாகப் படிந்த காரையும்கூட எண்ணை ஏற்றிவிடும், நல்ல பல்லைக் குடைய வேண்டிவரலாம். இந்தத் தவறைக் குறைப்பது கருவி செய்பவரின் வேலை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேறு வழியில் போனார்கள்: சர்க்கரை நீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் பல்லின் மேல் உள்ள அமிலத்தன்மையை ஒளியால் அளந்தார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்; அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். குழி விழும் முன்பே எந்தப் பல்லுக்கு ஆபத்து என்று சொல்வதே நோக்கம். அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒரு மின்பொறியியல் ஆராய்ச்சி மாணவி. இதைச் சொன்னபோது உங்கள் மகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவள் பயோ-மேத்ஸ் குரூப். அதனால் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகலாம், அதற்கு நீட் தேவையில்லை. மருத்துவக் கருவிகளைப் பற்றிய பொறியியலான பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது, கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் இருக்கிறது. இந்தப் பாடப்பிரிவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வகமே இல்லாத கல்லூரிகளும் உண்டு, அங்கே படித்து வெளியே வந்தால் மருத்துவமனைக் கருவிகளை விற்கும் வேலைதான் பெரும்பாலும் கிடைக்கும். "எந்த மருத்துவமனையோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள்?" என்று நேரில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல கல்லூரியில் இந்தப் பிரிவு வராவிட்டால், நல்ல கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) எடுக்கட்டும். ஒளி உணரியும் மின்சுற்றும் அங்கேயும் படிக்கலாம். பிறகு கேட் என்ற பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். கிளினிக்கல் இன்ஜினியரிங் போகலாம். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கிய படிப்பு அது. பொறியாளரும் மருத்துவரும் ஒரே நோயாளியின் பக்கத்தில் நின்று யோசிக்கிற இடம்.

சுலபமான வழி என்று சொல்லமாட்டேன். வாய்க்குள் வைக்கும் கருவி என்பதால் மின்பாதுகாப்பு, லேசர் பாதுகாப்பு, கிருமிநீக்கம் எல்லாம் நிரூபிக்க வேண்டும். 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமமும் வாங்க வேண்டும். வருடங்கள் ஆகும். இந்தச் சான்றுகளைத் தயாரிப்பதே தனி வேலை, அதற்கும் ஆட்கள் தேவை. முதல் நாளிலிருந்தே பெரிய சம்பளம் எதிர்பார்க்காதீர்கள்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் குடும்பத்தின் ஒரே நிலத்தை ஏற்றிவைத்தால், படிப்பு பிடிக்கவில்லை என்று அவளால் வாய் திறக்கவே முடியாது. மாமா பாசத்தில்தான் சொல்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் தேர்வு எழுதப்போவது அவரில்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.

உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றீர்கள். அப்படியானால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தாத்தா பாட்டியின் விவரமும் கேட்பார்கள், ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.