45 நாளில் ஸ்கோபஸ் பேப்பர்: மீதிப் பணத்தைக் கட்டலாமா?

கேள்வி: என் மகள் உளவியலில் பி.எச்டி. செய்கிறாள், இது நான்காம் வருடம். உணவு டெலிவரி செய்யும் பைக் ஓட்டிகளின் களைப்பும் கவனச் சிதறலும்தான் தலைப்பு. இணை வழிகாட்டி பொறியியல் துறைக்காரர். இதுவரை ஒரே ஒரு கட்டுரைதான் வந்திருக்கிறது. அதே லேபில் பொறியியல் பக்கம் சேர்ந்த பையன் 11 பேப்பர் போட்டுவிட்டான். பல்கலைக்கழக ரிசர்ச் செல்லில் இருந்து விடாமல் கேட்கிறார்கள். ஒரு கன்சல்டன்சிக்காரர் 45 நாளில் ஸ்கோபஸ் ஜர்னலில் போட்டுத் தருவதாகவும், யு.ஜி.சி. கேர் சான்றும் உண்டு என்றும் சொல்லி 38,000 ரூபாய் கேட்டார். 10,000 ரூபாயை முன்பணமாக ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மகளும் கட்டுரையை அனுப்பிவிட்டாள். மீதியைக் கட்டலாமா? நான் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இந்த விஷயமெல்லாம் எனக்குப் புரியாது.

பதில்: கட்டாதீர்கள் ஐயா. 10,000 போனது போகட்டும், 28,000 உங்களிடமே இருக்கட்டும். காரணம் கேட்டால் அந்த ஆள் பேச்சிலேயே ஒரு பொய் இருக்கிறது. யு.ஜி.சி. கேர் என்ற ஜர்னல் பட்டியலையே கைவிட்டுவிட்டதாக, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. இல்லாத பட்டியலுக்கு அவர் எங்கிருந்து சான்று வாங்கித் தருவார்? பட்டியல் இருந்த காலத்திலும் அது ஜர்னல்களுக்கான பட்டியல்தான். ஆளுக்கு ஆள் சான்று கொடுக்கிற இடமாக அது இருந்ததில்லை.

அந்த 45 நாள் கணக்கைப் பாருங்கள். நீங்கள் அச்சகத்தில் இருந்தவர், புரூஃப் பார்க்காமல் ஃபாரத்தை மெஷினில் ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஜர்னலில் ஒரு கட்டுரை போனால், அந்தத் துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேர் அதைப் படித்துக் குறை சொல்வார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கள் வேலைக்கு நடுவில் படிப்பார்கள். குறைகளைச் சரிசெய்து திருப்பி அனுப்பினால் மறுபடி படிப்பார்கள். இதற்குப் பல மாதம் ஆகும், சில சமயம் வருடம்கூட ஆகும். 45 நாளில் 'உறுதி' என்று யாராவது சொன்னால், படிக்க ஆளே இல்லை என்று அர்த்தம்.

ஸ்கோபஸ் என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புரோக்கர் பிழைப்பே இந்தச் சொல்லில்தான் நடக்கிறது. அது ஜர்னல் இல்லை. எல்சிவியர் என்ற பதிப்பு நிறுவனம் 2004 முதல் நடத்தும் ஓர் அட்டவணை. எந்தெந்த ஜர்னலில் என்னென்ன கட்டுரை வந்தது என்று அதில் இருக்கும். சேர்த்த ஜர்னல் தரம் கெட்டால் வெளியேயும் தள்ளுவார்கள். புரோக்கர் காட்டுகிற ஜர்னல் போன வருடம் உள்ளே இருந்திருக்கலாம், இந்த வருடம் வெளியே போயிருக்கலாம். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. உண்மையான ஜர்னலின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற அதன் அடையாள எண்ணையும் அப்படியே திருடி, அதே மாதிரி ஒரு வெப்சைட் கட்டிப் பணம் வாங்குவார்கள். ரேஷன் கடை போர்டை மாட்டிக்கொண்டு கள்ள அரிசி விற்கிற மாதிரி. அதனால் வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொடவே வேண்டாம். ஸ்கோபஸின் ஜர்னல் பட்டியலைக் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். மகள் அதில் தேடி, ஜர்னல் இப்போதும் சேர்க்கப்பட்டு வருகிறதா என்று பார்த்து, பதிப்பகத்தின் சொந்தத் தளம் வழியாக உள்ளே போகட்டும்.

'பெரிய பதிப்பகத்தின் பெயர் இருந்தால் போதும்' என்று அடுத்த புரோக்கர் சொல்வார். அதுவும் போதாது. ஹிந்தாவி என்று ஒரு பதிப்பகம். அமெரிக்காவின் வைலி நிறுவனம் 2021-இல் அதைச் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது. காசுக்குக் கட்டுரை தயாரிக்கும் கும்பல்கள் அதன் சிறப்பிதழ்களுக்குள் புகுந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அதில் 'கம்ப்யூட்டேஷனல் இன்டெலிஜென்ஸ் அண்ட் நியூரோசயின்ஸ்' என்று ஒரு ஜர்னல். மூளை, மனம், கணினி மூன்றையும் தொடுகிற, கிட்டத்தட்ட உங்கள் மகள் நிற்கிற எல்லைக்கோட்டிலேயே இருந்த ஜர்னல். 2023 மே மாதம் அதை மூடியே விட்டார்கள். அதில் நேர்மையாக எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் மூடிய கடையின் பெயர் அவர்கள் பயோடேட்டாவில் இருந்து போகப் போவதில்லை.

இந்தக் கும்பல்களின் சரக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? கும்பல்காரர்கள் வேறொருவர் கட்டுரையை எடுத்து, திருட்டு தெரியாமலிருக்க, சொல்லுக்குச் சொல் மாற்றும் மென்பொருளில் போட்டு எடுப்பார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' அதில் 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிடும். நம் பாஷையில் சொன்னால், செயற்கை நுண்ணறிவு போய்க் கள்ள நினைவு வந்துவிடும்! பிரான்சில் கீயோம் கபனாக் என்ற கணினி அறிஞரும் அவர் நண்பர்களும் 2021 முதல் இந்த மாதிரிச் சொற்களை வைத்தே கட்டுரைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகளின் வரைவை அந்த ஆள் 'மெருகேற்றித் தருகிறேன்' என்று சொல்லியிருந்தால், இப்படித்தான் மெருகேறும்.

அந்தப் பையனின் 11 பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் உங்களுக்கு உண்மையில் வலிக்கிற இடம் அதுதான் என்று தோன்றுகிறது. மகளையும் அவனையும் ஒரே தராசில் நிறுத்துவதே தப்பு. ஏற்கெனவே இணையத்தில் கிடைக்கிற தரவை எடுத்து, கணினியில் மாடலை ஓட்டி, இரண்டு வாரத்தில் முடிவு எடுக்க முடிகிற வேலைகள் பொறியியலில் உண்டு. மாநாட்டுக் கட்டுரைக்கும் அங்கே மதிப்பு உண்டு. (எல்லாப் பொறியாளரும் அப்படி இல்லை. கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்கிற சிவில்காரர் 28 நாள் காத்திருந்துதான் ஆக வேண்டும்.) உளவியலில் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இங்கிலீஷில் இருக்கிற கேள்வித்தாளைத் தமிழாக்கி, வேறொருவரை வைத்துத் திரும்ப இங்கிலீஷாக்கி ஒப்பிட வேண்டும். அப்புறம் நேரமே இல்லாத டெலிவரி பையன்களை நூற்றுக்கணக்கில் பிடித்து உட்கார வைத்துப் பேச வேண்டும். ராத்திரி 11 மணிக்கு ஆர்டருக்காகக் காத்திருக்கிற ஆளிடம் 40 கேள்வி கேட்டுப் பாருங்கள், தெரியும்.

உளவியலுக்குத் தனியாக ஒரு சூடும் விழுந்திருக்கிறது. வெளியான 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2015-இல் முடிவைச் சொன்னார்கள். முதலில் செய்தபோது 97 சதவீதம் 'விளைவு உண்டு' என்றவை. மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் தேறின. அதிலிருந்து நல்ல உளவியல் ஜர்னல்கள் கூடுதல் ஆட்களையும் ஆய்வைத் தொடங்கும் முன்பே பதிவுசெய்த திட்டத்தையும் எதிர்பார்க்கின்றன. ஆகவே ஒரு நல்ல கட்டுரைக்கு நாளாகும். நான்கு வருடத்தில் ஒன்று என்பது வெட்கப்பட வேண்டிய எண்ணிக்கை இல்லை.

இது ரிசர்ச் செல்லுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்களுக்கு மேலே ஒரு படிவம் இருக்கிறது. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற உயர்கல்வி நிறுவனத் தரவரிசையில் ஆராய்ச்சிக்கு 100-க்கு 30 எடை. அதில் கட்டுரை எண்ணிக்கைக்கும் மற்றவர்கள் மேற்கோள் காட்டியதற்கும் பங்கு உண்டு. அந்த எண்ணுக்காகத்தான் மேலிருந்து கீழ்வரை விரட்டல். உங்கள் மகளின் கட்டுரை உளவியல் துறையின் ஆண்டறிக்கையிலும் ஏறும், இணை வழிகாட்டியின் பொறியியல் துறை அறிக்கையிலும் ஏறும். ஒரே மாட்டை இரண்டு தொழுவத்தில் கட்டி எண்ணுவார்கள். நான் 30 வருடத்துக்கு மேல் பல்கலைக்கழக நூலகங்களில் இருந்தவன். அந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்து கொடுத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சரி, பட்டம் கிடைக்க எத்தனை கட்டுரை வேண்டும்? யு.ஜி.சி.யின் 2016 விதியில் ஒரு ஜர்னல் கட்டுரையும் இரண்டு மாநாட்டு உரையும் கட்டாயமாக இருந்தன. 2022 நவம்பரில் வந்த புதிய விதியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் கட்டுரை கேட்கின்றன. எனவே மகள் சேர்ந்த தேதிக்கு எந்த விதிமுறை பொருந்தும், எத்தனை கட்டுரை, எந்தப் பட்டியலில் என்று ஆராய்ச்சிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். வாய்மொழியாக 'நாலு போடும்மா' என்று சொல்பவர், எழுதிக் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒன்றுக்கு இறங்கி வருவார்.

காசு கொடுப்பதே தப்பா என்றால், அப்படியும் இல்லை. இந்த ஒரு இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள், மகளையும் படிக்கச் சொல்லுங்கள். நல்ல ஜர்னல்களில் பெரும்பாலானவை இரண்டு வழி வைத்திருக்கின்றன. கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு திரை வரும். 'எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டுமா, இத்தனை டாலர் கட்டுங்கள்' என்பது ஒரு வழி. 'சந்தா கட்டியவர்கள் மட்டும் படிக்கட்டும்' என்பது இன்னொரு வழி, அதற்கு ஆசிரியர் பைசா கட்ட வேண்டாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் அதே ஜர்னல், அதே மதிப்பு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், 3,000 டாலர் என்ற எண்ணைப் பார்த்ததும் பயந்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரையையே திரும்ப வாங்கிவிட்டார். கீழே இருந்த அடுத்த பட்டனைப் பார்க்கவில்லை. இன்னும் சில நல்ல ஜர்னல்களில் இலவச வழியே கிடையாது, எல்லாரும் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். அங்கேயும் கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பில் வரும். பதிப்பகத்தின் பெயரில் வரும், தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு வராது. சலுகையும் கேட்கலாம். ஏழை நாடுகளுக்குத் தானாகக் கிடைக்கும் விலக்கில் இந்தியா பொதுவாக வராது, அதனால் கேட்டால்தான் கிடைக்கும். அதுவும் கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும், பில் வந்த பிறகு கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள்.

மகளின் தலைப்புக்கு ஜர்னல் பஞ்சமே இல்லை. மனித மனமும் இயந்திரமும் சந்திக்கிற இந்த ஆய்வுக்கு வயது 80-ஐ நெருங்குகிறது. 'விமானியின் தவறு' என்று ஒதுக்கப்பட்ட 460 சம்பவங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 1947-இல் ஆராய்ந்து, பல தவறுகள் கருவியை வடிவமைத்த விதத்தால் வந்தவை என்று காட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் இறக்கையின் மடிப்பை இயக்கும் பிடியும் சக்கரத்தை இயக்கும் பிடியும் ஒரே மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தரையிறங்கியதும் விமானிகள் மடிப்புக்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். இரண்டு பிடிகளின் வடிவத்தையும் மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. அந்த வழியில் வந்த 'எர்கோனாமிக்ஸ்' 1957 முதலும் 'ஹியூமன் ஃபேக்டர்ஸ்' 1958 முதலும் வருகின்றன. போக்குவரத்து உளவியலுக்கென்றே 'டிரான்ஸ்போர்டேஷன் ரிசர்ச்' இதழின் எஃப் பகுதி இருக்கிறது. மூன்றிலும் மேலே சொன்ன காசில்லாத வழி உண்டு. முதல் தடவை திருப்பி அனுப்பினாலும், கூடவே வருகிற குறிப்புகள் நீங்கள் கட்டவிருந்த 28,000-ஐவிடப் பெறுமானமுள்ளவை.

இப்போது அவசர வேலை. மகள் இன்றே அந்தக் கன்சல்டன்சிக்கு ஒரு மெயில் அனுப்பட்டும்: 'என் கட்டுரையை எங்கும் அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் எந்த ஜர்னல் என்று சொல்லுங்கள். என் பெயரை வேறு எந்தக் கட்டுரையிலும் சேர்க்கக் கூடாது.' கடைசி வரி முக்கியம், இவர்கள் ஆசிரியர் பெயர்களையும் தனியாக விற்கிறார்கள். மெயிலில் இரண்டு வழிகாட்டிகளுக்கும் நகல் போகட்டும். சங்கடம்தான், ஆனால் நாளைக்கு அவர்கள் வேறு வழியாகக் கேள்விப்படுவது இன்னும் சங்கடம். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதவரை கட்டுரை மகளுடையதுதான். போட்டுவிட்டார் என்றால் அதையும் வழிகாட்டியிடம் மறைக்க வேண்டாம். வழிகாட்டி சம்மதித்தால் கட்டுரையை சைஆர்க்கைவ் என்ற, உளவியல் கட்டுரைகளுக்கான இலவசத் தளத்தில் ஏற்றிவைக்கலாம். இது என்னுடையது என்பதற்குத் தேதியோடு சாட்சி இருக்கும்.

அந்த ஆள் சும்மா இருக்க மாட்டார். 'அனுப்பியாயிற்று, திரும்பப் பெறக் கட்டணம் 15,000' என்று ஒரு மெயில் வரலாம். அதையும் கட்டாதீர்கள். ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த 10,000 திரும்ப வருமா என்று கேட்பீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.