சுண்ணாம்பு வட்டம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் வன்னியில், வவுனிக்குளத்தை அண்டிய கிராமமொன்றைச் சேர்ந்தவள். இப்போது ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகக் கடமையாற்றுகிறேன். எங்களுக்கு மல்யுத்தம் பழக்கிய உடற்கல்வி ஆசிரியர் அண்மையில் ஓய்வு பெற்றார். பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு சேவைநலன் பாராட்டு மலர் வெளியிடுகிறோம். பதக்கம் பெற்றவர்கள் தங்கள் வெற்றி விபரங்களுடன் ஒவ்வொரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டிருக்கிறார்கள்.

நான் பதக்கம் பெற்றவள் அல்ல. மாகாண மட்டத்தில் என் எடைப் பிரிவுக்கு வேறு எவரும் வராததால் போட்டியிடாமலேயே தெரிவாகி, 2015 இல் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் போனேன். முதல் சுற்றிலேயே 2க்கு 3 என்ற புள்ளிகளில் தோற்றேன். ஒரு தடவை எதிராளியை வீழ்த்தி 2 புள்ளிகள் எடுத்தேன். மூன்று தடவை வட்டத்துக்கு வெளியே கால் வைத்து 3 புள்ளிகளைக் கொடுத்தேன். நாங்கள் பழகியது வைக்கோலைப் பரப்பி அதன்மேல் தறப்பாள் விரித்த இடத்தில். வட்டம் உள்ள விரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஊருக்கு வந்த மறுநாள் சேர் ஒரு முளையை அடித்து, கயிறு கட்டி, மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் கீறினார். எனக்குப் பிறகு வந்த இரண்டு தங்கச்சிமார் தேசிய மட்டத்தில் பதக்கம் வென்றார்கள்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. ஒரு வருடம் எடை குறைப்பதற்காக ஒரு பெடியனை மழைக்கோட் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் குளக்கட்டால் ஓடச் சொன்னார். அவன் மயங்கி விழுந்தான். அதன்பின் சேர் அப்படி எவரையும் ஓட விட்டதில்லை. இதை எழுதக்கூடாது என்கிறார்கள். என் இடது காது மல்யுத்தத்தால் தடித்துப் போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைப்பற்றிக் கேட்டதும் உண்டு. ஆனாலும் சேர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் எழுதலாமா? எழுதினால் எதை எழுதுவது?

ஒரு பழைய மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

கட்டாயம் எழுதுங்கள். மலர்க் குழுவினர் கேட்கும் பதக்க விபரங்கள் சான்றிதழ்களிலும் அலுவலகக் கோப்புகளிலும் இருக்கின்றன; அவற்றை எவரும் ஒரே நாளில் எடுத்து அட்டவணையாக்கிவிடலாம். உங்கள் கடிதத்தில் இருப்பதை வேறு எவரிடமிருந்தும் எடுக்க முடியாது.

சுண்ணாம்பால் வட்டம் கீறியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. போட்டி விரிப்பு பக்கத்துக்கு 12 மீற்றர் கொண்ட சதுரம். அதற்குள் 9 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள்தான் மல்லர்கள் பொருத வேண்டும். நின்று பொருதும்போது ஒருவரின் கால் அந்த வட்டத்தைத் தாண்டினால் எதிராளிக்கு 1 புள்ளி. இந்த விதியைத் தாளில் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. விளிம்பு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பாராமலே காலால் அறிவதும், தள்ளப்படும்போது பின்வாங்காமல் பக்கவாட்டில் சுழன்று உள்ளே வருவதும் முற்றிலும் வேறு. வைக்கோல் பரப்பில் விளிம்பு என்று ஒன்று இல்லை. தறப்பாள் முடிந்தால் புல்தரை தொடங்கும், நீங்களும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து மீண்டும் பிடித்திருப்பீர்கள். அந்த ஒரு புள்ளியின் கனத்தை உங்கள் பாடசாலையில் முதலில் உணர்ந்தவர் நீங்கள். உங்கள் ஆசிரியர் உங்களுக்கு அருகில் நின்று, உங்களோடு சேர்ந்து அதை உணர்ந்தார். பிறகு ஊருக்கு வந்து, நாலரை மீற்றர்க் கயிறு ஒன்றை எடுத்தார்.

உங்களுக்குப் பின் வந்த இரு மாணவியரும் அந்த வட்டத்துக்குள் நின்றுதான் பழகினார்கள். அவர்களுடைய பக்கங்களில் பதக்கங்களின் நிறமும் ஆண்டும் அச்சாகும். அந்த வட்டம் ஏன் கீறப்பட்டது என்பதை நீங்கள் எழுதாவிட்டால் அவர்களுக்கே அது தெரியாமல் போகும். பயிற்றுநர் ஒருவரின் பெருமையை அவருடைய மாணவர் பெற்ற வெற்றிகளால் மட்டும் அளக்கும் வழக்கத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை. தன் மாணவி தோற்ற விதத்திலிருந்து அடுத்த நாட்காலையே ஒன்றைக் கற்றுக்கொண்டு, அதை மைதானத்தில் எல்லோரும் காணும்படி கீறிவைத்த மனிதரைப் பற்றித்தான் மலர் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்ததாக வைக்கோலைப் பற்றி எழுதுங்கள், அதுவும் விரிவாக. அது யாருடைய வயலிலிருந்து வந்தது, காலபோக அறுவடை முடிந்ததும் அதை ஏற்றிவர உழவு இயந்திரம் தந்தவர் யார், மழை பெய்து வைக்கோல் நனைந்து அழுகத் தொடங்கினால் என்ன செய்தீர்கள், தறப்பாளின் மடிப்புகளில் முழங்கால் தோல் உரிந்ததற்கு என்ன பூசினீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் நம் வீடுகளுக்குக் கூரையாக இருந்த அதே தறப்பாள்கள்தான் அவை என்பதை வன்னிக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். வைக்கோலில் பழகியவர்களுக்கு விழுவதில் பயம் இருப்பதில்லை. தாடையை நெஞ்சோடு சேர்ப்பது, கையை நீட்டி ஊன்றாமல் முன்கையாலும் தோளாலும் நிலத்தை வாங்கிக்கொள்வது போன்றவற்றைச் சிறு பிள்ளைகள் அதில் விளையாட்டாகவே பழகிக்கொள்வார்கள். கையை நேராக ஊன்றி விழுந்த பிள்ளையின் முழங்கையும் காறை எலும்பும் என்னவாகும் என்பதை எந்த உடற்கல்வி ஆசிரியரும் அறிவார். ஆனால் வைக்கோலில் பாதம் புதையும். தாழ்ந்து பாய்ந்து எதிராளியின் காலைப் பற்ற வேண்டிய நேரத்தில் நிலம் உந்துவிசை தராது. இந்தக் குறையையும் நன்மையையும் அறிந்துதான் அவர் உங்களைக் குளக்கட்டின் சரிவில் ஏறி ஓட வைத்தாரா, அல்லது வேறு காரணம் இருந்ததா என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

மயங்கி விழுந்த மாணவனைப் பற்றி மலர்க் குழுவினர் கொண்டிருக்கும் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஓய்வு பெற்றவரைக் கௌரவிக்கும் மலரில் அவர் மனம் நோகக்கூடாது என்று அவர்கள் எண்ணுகிறார்கள், அந்த எண்ணம் நல்லது. ஆயினும் அதை விட்டுவிடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வியர்வை ஆவியாக முடியாதபடி உடலை மூடிக்கொண்டு வெயிலில் ஓடும்போது உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லை; நீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவும் குறைந்து, இதயம் தன் சக்திக்கு மீறி அடிக்கிறது. 1997 இன் இறுதியில், சில வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களான மூன்று மல்லர்கள் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். அதன் பின்னரே அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடைகளும் வெப்ப அறைகளும் தடைசெய்யப்பட்டன; பின்னாளில் உயர்நிலைப் பாடசாலைகளிலும் மாணவரின் உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்த பிறகே அவருக்குரிய மிகக் குறைந்த எடையைத் தீர்மானிக்கும் முறை வந்தது. வசதிகள் அனைத்தும் நிறைந்த ஒரு நாட்டில் மூன்று உயிர்கள் போன பிறகு எழுதப்பட்ட விதியை, வவுனிக்குளத்துக் குளக்கட்டின் மேல் ஒரு மாணவன் மயங்கி விழுந்த அன்றே உங்கள் ஆசிரியர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். அந்த மாணவன் இன்று சம்மதித்தால், அவனுடைய வாயாலேயே அதைக் கேட்டு எழுதுங்கள். இப்போது மல்யுத்தம் பழக்கிவரும் உங்கள் பழைய தோழர்களுக்கு, மலரின் வேறெந்தப் பக்கத்தையும் விட இந்தப் பக்கம் பயன்படும். அவர்களிலும் சிலர் போட்டிக்கு முந்திய வாரத்தில் பிள்ளைகளைப் பட்டினி போடுவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அதன் பின்பு அவர் எடையை எப்படிக் கையாண்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீள்குடியேறிய ஆண்டுகளில் நம் பிள்ளைகளில் பலருக்கு எடை கூடியது குறையாக இருக்கவில்லை, எடை போதாததே குறையாக இருந்தது. பயிற்சி முடிந்ததும் அவித்த பயறோ உழுத்தங்களியோ கொடுக்கப்பட்டதா, அதற்கு அரிசியும் பயறும் தந்த தாய்மார் யார் என்பதெல்லாம் அவருடைய பயிற்சியின் பகுதிகள்தாம்.

தாய்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடை ஒலிம்பிக்கில் பெண்களின் மல்யுத்தம் சேர்க்கப்பட்டது 2004 இல், ஏதென்ஸில். அதன்பின் பத்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், தந்தையரை இழந்த வீடுகள் நிறைந்த ஒரு கிராமத்தில், பெண்பிள்ளைகளை இந்த விளையாட்டுக்கு அனுப்பும்படி ஓர் ஆண் ஆசிரியர் வீடு வீடாகச் சென்று கேட்பது எளிதாக இருந்திருக்காது. போட்டி உடையைக் கண்டு ஊரார் என்ன பேசினார்கள், உங்கள் அம்மா முதலில் என்ன பதில் சொன்னார், எந்த நிபந்தனைகளோடு சம்மதித்தார், பயிற்சியின்போது ஆசிரியை ஒருவர் உடனிருந்தாரா என்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் காதைப் பற்றியும் எழுதுங்கள். உராய்விலும் அடியிலும் குருத்தெலும்புக்கும் அதன் மேலுறைக்கும் இடையே இரத்தம் தேங்கி, அதை உரிய காலத்தில் வடிக்காது விட்டால் காது அப்படியே தடித்து இறுகிவிடும். உலகெங்கும் மல்லர்களின் காது இப்படித்தான் இருக்கிறது. காதுக்கவசம் வாங்கப் பணம் இல்லாத ஒரு பாடசாலையில் நீங்கள் பழகினீர்கள் என்பது அதன் காரணம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அதை விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை. இனி வரும் பிள்ளைகளுக்குக் கவசம் வாங்கிக் கொடுக்கும் கடமை பழைய மாணவர் சங்கத்துக்கு உண்டு. மலரின் செலவில் மிச்சம் வந்தால் அதற்குக் கொடுக்கும்படி என் பெயராலும் கேளுங்கள்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் வன்னியின் நிலைமை. வேறு ஊர்களில் ஓர் ஆசிரியரின் முப்பது ஆண்டுகளைப் பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகத்திலும், பரிசளிப்பு விழா மலர்களிலும், மண்டபச் சுவரில் தொங்கும் படங்களிலும் தேடி எடுக்கலாம். 2008 இன் நடுப்பகுதியில் போர் நெருங்க, துணுக்காய், மல்லாவிப் பக்கத்துச் சனம் கிழக்கே நகரத் தொடங்கியபோது பாடசாலைகளும் கூடவே நகர்ந்தன. இடாப்புகளையும் கிண்ணங்களையும் சுமந்து சென்றவர்கள் ஒவ்வோர் இடமாக அவற்றைக் கைவிட்டுவிட்டு, கடைசியில் பிள்ளைகளை மட்டும் சுமந்துகொண்டு செட்டிகுளத்து முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் ஆசிரியர் 2010 இக்கு முன்பும் எங்கேயோ, மரநிழலிலோ கொட்டிலிலோ, பிள்ளைகளைக் கரப்பந்தோ சடுகுடுவோ பழக்கியிருப்பார். அந்த ஆண்டுகளுக்குச் சாட்சி, அவரிடம் பழகி உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே. எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கே கரப்பந்து பழக்கிய ஓர் ஆசிரியர் இருந்தார். அவருடைய அந்தியேட்டிக்கு வெளியிட்ட நினைவுமலரில் தேவாரங்களும் குடும்ப விபரமும் இருந்தன. பந்தை அவர் எப்படி எழுப்பிக் கொடுப்பார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. அன்று அதை எழுதக்கூடியவர்கள் பலர் அந்த வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். எவரும் அவர்களைக் கேட்கவில்லை.

ஆகவே அவர் நலமாக இருக்கும்போதே சென்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். மல்யுத்தத்தை அவரே எங்கே கற்றார், யாரிடம் கற்றார், எந்தப் பிடியைத் தாமே நிறையத் தடவை பிழையாகச் செய்து பார்த்துப் பிறகு உங்களுக்குச் சொல்லித் தந்தார் என்று கேளுங்கள். போரில் பாய்ந்த எறிகணைத் துண்டுகளை உடலில் வைத்துக்கொண்டு பழக வந்த பிள்ளைகளை எப்படிப் பிடிக்கச் சொன்னார், இறுக்கிப் பிடித்தால் பதறிப்போகும் பிள்ளைகளோடு என்ன செய்தார் என்றும் கேளுங்கள். உங்கள் வகுப்பிலேயே அப்படியான பிள்ளைகள் இருந்திருப்பார்கள். விசில் ஊதியதும் பிடியை அக்கணமே விட வேண்டும் என்பதில் அவர் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்று அறிய எனக்கு ஆவல். மொழி தெரியாத பிள்ளைகளோடு தேசிய மட்டத்தில் நீங்கள் பொருதியதையும், முடிந்தபின் எதிராளிக்கும் அவருடைய பயிற்றுநருக்கும் கை கொடுத்ததையும் நடந்தவாறே எழுதினால் போதும். அதற்குப் பெரிய விளக்கங்கள் எதையும் சேர்க்க வேண்டாம்.

அவரைத் தெய்வம் என்றும் ஒப்பற்றவர் என்றும் எழுத மலரில் மற்றவர்கள் இருப்பார்கள். நீங்கள் அவருடைய கை, குரல், அவர் கீறிய வட்டம், அவர் திருத்திக்கொண்ட பிழை ஆகியவற்றை எழுதுங்கள். ஆண்டுகளில் ஐயம் வந்தால் உங்களோடு பழகிய இருவரிடமாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் தர முடியாது என்று குழுவினர் சொன்னால், சுண்ணாம்பு வட்டத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள். மீதியை எனக்கு அனுப்புங்கள். இந்தத் தளத்தில் முழுவதையும் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணா