பனியில் பறவை, எக்ஸ்போஷர் எவ்வளவு? – கேள்வி பதில்

கேள்வி: உத்தராகண்டின் சோப்தாவில் மோனால் ஆண் பறவை ஒன்று பனியில் நல்ல வெயிலில் நின்றது. படத்தில் பனி சாம்பலாகவும் பறவை கரிக்கட்டையாகவும் வந்திருக்கிறது. கேமரா கோளாறா அண்ணா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. எதிரே இருப்பது பனியா கருங்கல்லா என்று கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். அந்தச் சாம்பல் ஏறக்குறைய 18 சதவீத ஒளியைத் திருப்பித் தருவது, புதிதாக விழுந்த பனியோ 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். இரண்டுக்கும் இடையே இரண்டு ஸ்டாப்புக்கும் மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரண்டு மடங்கு), அதை நீங்கள்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

நான் செய்வது இது. மேனுவல் மோட், ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர். வெயில் படும் பனியைக் குறிவைத்து, மீட்டர் +1.7 காட்டும்வரை ஷட்டரையும் (ஒளி விழும் நேரம்) ஐஎஸ்ஓவையும் (ஒளியுணர்வு) சரிசெய்து, ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தை, பார்ப்பேன். பனியின் மேடு வலது ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சுவரில் முட்டக் கூடாது. அப்புறம் எதையும் தொடுவதில்லை. மோனால் பனியில் நின்றாலும் பாறைமேல் ஏறினாலும் அதன்மேல் விழும் வெயில் ஒன்றுதானே? வெயில் மாறினால், இல்லை பறவை மரநிழலுக்குள் போனால், அப்போது மட்டும் மாற்றுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பின்திரையில் படம் எப்படித் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். பனியின் கூச்சத்தில் கண் சுருங்கியிருக்கும், சரியான படம்கூட இருட்டாகத் தெரியும்.

கேள்வி: இமாச்சலின் ஸ்பிதியில் கிப்பர் பக்கம் லாமர்கையர் (தாடிக் கழுகு) பறக்கும்போது மேனுவல் எப்படிச் சரிவரும்? நொடிக்கு நொடி பின்னணி மாறுகிறதே.

பதில்: பின்னணி மாறுவதால்தான் மேனுவல் வேண்டும். பனிச்சரிவு, பழுப்புப் பாறை, ஆழ்ந்த நீலவானம் என்று அது ஒரே வட்டத்தில் கடந்துவிடும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொன்றுக்கும் மீட்டர் மனதை மாற்றிக்கொள்ளும், பறவை ஒரு படத்தில் வெளுத்து அடுத்ததில் கறுத்துப் போகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். புல்வெளிக்கு மேல் உச்சிவெயிலில் பறக்கும் பறவையின் அடிப்பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். பனிக்கு மேல் அப்படியில்லை, கீழிருந்து வெளிச்சம் எழும்பி வந்து லாமர்கையரின் துருச்சிவப்பு மார்பும் தாடியும் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்தில் நிழலுக்காக ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டியதில்லை.

கேள்வி: ப்ளஸ் ஒன்றா, ப்ளஸ் இரண்டா? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

பதில்: ஒரே எண் கிடையாது. ஸ்பாட் இல்லாமல் முழு ஃபிரேமையும் அளந்தால், அதில் பனி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. +1-இல் தொடங்கி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

கேள்வி: ஜப்பானின் ஹொக்கைடோவில் டான்சோ கொக்கைப் படம் எடுக்கப் போகிறேன். வெள்ளைப் பறவை, வெள்ளைப் பனி. என்ன செய்வது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது. ட்சுருய் கிராமத்தில் பனிவயலில் நிற்கும் கொக்கின் முதுகில் இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அவற்றின் விளிம்புகளில் மெல்லிய நிழல்கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் வெள்ளைத்தாள். அதனால் வெயிலில் முதுகுதான் அளவுகோல், கருத்த கழுத்தில் விவரம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். ஐஎஸ்ஓ 400, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8 என்றால் தெளிவான வெயிலில் 1/2500-இல் இருந்து 1/3200-க்குள் தொடங்கலாம். வெளுத்துப்போன இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள், இறகுகள் மினுக்கினால் உடனே மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். உச்சந்தலைச் சிவப்பு வெறும் தோல், காலை வெயிலில் சிவப்பு சேனல் சீக்கிரம் நிரம்பிவிடும், மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும் பாருங்கள்.

அதே ட்சுருயின் ஓட்டோவா பாலத்தில் விடிவதற்கு முன், ஆற்றில் ஆவி எழும்போது, இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால் வெள்ளை தப்பிக்கும், வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

பதில்: கொக்குக்கு ஒத்துக்கொள்கிறேன். மோனாலுக்கு இல்லை. மீட்டர் ஏற்கெனவே இரண்டு ஸ்டாப் குறைத்திருக்கிறது, நீங்கள் இன்னொன்று குறைக்கிறீர்கள். மூன்று ஸ்டாப் ஏற்றும்போது அந்தக் கழுத்தின் பச்சையும் செம்பும் புள்ளிப்புள்ளியாக நைந்துபோகும்.

அவரே மறுபடி: ஐஎஸ்ஓ 1600-இல் எடுத்து ஒரு ஸ்டாப் ஏற்றுவதும் 3200-இல் எடுப்பதும் இன்றைய சென்சாரில் ஒன்றுதானே?

பதில்: ஷட்டரும் அப்பர்ச்சரும் மாறாமல் இருந்தால், பல கேமராக்களில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்போது குறைந்த ஐஎஸ்ஓ வெள்ளைக்கு இடம் கொடுக்கிறது, உங்கள் வாதம் நிற்கிறது. ஆனால் சென்சாருக்குள் போன ஒளிதான் நாய்ஸை, அந்தப் புள்ளிப்புள்ளியான கரகரப்பை, தீர்மானிக்கிறது. அசையாமல் நிற்கும் பறவைக்கு 1/4000 வைத்திருப்பவர் 1/1000-க்கு இறங்கினால் நான்கு மடங்கு ஒளி. அந்த இடம் இருக்கும்போது ஒளியைத்தான் கூட்ட வேண்டும், இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: 200-600 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா, 100-500 வாங்கலாமா?

பதில்: இது எக்ஸ்போஷர் கேள்வி இல்லை. லென்ஸ் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: பனியில் +2 வைத்தால் போதுமா சார்?

பதில்: மேலே இரண்டு தடவை சொல்லியாயிற்று. ஹிஸ்டோகிராம்.

கேள்வி: மிரர்லெஸ் வியூஃபைண்டரில் எக்ஸ்போஷர் நேராகத் தெரிகிறது. பிறகு ஹிஸ்டோகிராம் எதற்கு?

பதில்: அதுவும் ஒரு திரைதான். அதன் வெளிச்சத்தை ஆட்டோவில் விட்டிருந்தால் இன்னும் மோசம். வியூஃபைண்டருக்குள்ளேயே ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிழலில் எடுத்த பனி நீலமாக வருகிறது.

பதில்: நீலவானத்தின் வெளிச்சம் அது. ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) சரிசெய்யுங்கள், முழுதும் துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் நீலம் இருந்தால்தான் குளிர் தெரியும்.

கேள்வி: விடுதிக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடுகிறது.

பதில்: வெளியிலேயே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவைப் பைக்குள் இறுக மூடி, உள்ளே வந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் வையுங்கள். மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும். படம் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறந்துவிடாதீர்கள், கார்டுதான் கையில் இருக்கிறதே.