ஹெச்1பி விசாவில் கைத்துப்பாக்கி பெர்மிட் எடுக்கலாமா?

டாலஸில் ஹெச்1பி விசாவில் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு நண்பர் பெர்மிட் எடுத்துவிட்டார், நானும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதானவர் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவருக்குத்தான் அது. உங்களைத் தடுப்பது மாநிலச் சட்டம் அல்ல, கூட்டாட்சிச் சட்டம். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கி ஒரு ரவுண்டு சுட்டுப் பார்ப்பதும் வம்புதான். கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அது காலாவதியான அன்றே விலக்கும் போய்விடும். அதை நம்பி இறங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள், கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அல்ல.

தடை இல்லாதவருக்கு பெர்மிட் தேர்வு பெரிய மலையல்ல. சில மணி நேர வகுப்பு, 3, 7, 15 கெஜ தூரத்தில் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். இடுப்பில் துப்பாக்கியோடு கடைத்தெருவில் நடப்பவருக்கு இது போதாது என்பது என் கட்சி. 3 கெஜம் என்றால் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான்!

அப்புறம், பார் வாசலில் சிவப்பாக 51% என்ற பலகை (வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் இடம் என்று பொருள்) தெரிந்தால், பெர்மிட் இருந்தாலும் துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது. நண்பரிடமும் சொல்லி வையுங்கள்.