எல்லாத்துக்கும் 'பேட்' (bad) தானா?

கேள்வி: அக்கா, நான் இறால் ஏற்றுமதி கம்பெனில ஆபீஸ் வேலை பாக்குறேன். வெளிநாட்டு பார்ட்டிக்கு மெயில் போடும்போது சரக்கு சரியில்லன்னாலும் பேட், கடல் சரியில்லன்னாலும் பேட், பெட்டி நசுங்கி வந்தாலும் பேட்னுதான் எழுத வருது. நெட்ல தேடுனா வார்த்தையா கொட்டுது, எத எடுக்குறதுன்னு தெரியல.
- வாசகி, மண்டபம்

பதில்: தங்கச்சி, அத்தனையும் மனப்பாடம் பண்ண வேணாம். வீட்டுல நாம எப்படி பேசுறோம்னு பாரு. சோறு ஊசிப்போச்சு, பால் திரிஞ்சுபோச்சு, எண்ணெய் காறுது, மீனு நாறிப்போச்சு. எல்லாத்துக்கும் 'கெட்டுப்போச்சு'ன்னாலும் புரியும்தான், ஆனா பொருளுக்கு தக்கன வார்த்தை தானா வந்து விழுதுல்ல, இங்கிலீஷும் அப்படித்தான். புளிச்ச பாலுக்கு சவர், காறுன எண்ணெய்க்கு ரேன்சிட், பழைய ரொட்டிக்கு ஸ்டேல், அழுகுன மீனுக்கு ராட்டன்.

உன் வேலையில இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். இறால்ல தலைப்பக்கமும் ஓட்டு மேலயும் கருப்பு விழும்ல, அத பேட்னு எழுதிட்டா வாங்குறவங்க அழுகல்னு நெனச்சு லோடே வேணாம்னுருவாங்க. அது அழுகல் இல்ல, இறால் செத்ததுக்கப்புறம் அதோட உடம்புல இருக்குற என்சைம் காத்துல உள்ள ஆக்சிஜனோட சேர்ந்து வேலை செய்யுறதால வர்ற கருப்பு, ஐஸ் பத்தலன்னா சீக்கிரமே வந்துரும், பாக்க நல்லாருக்காது, வெல கொறையும், ஆனா தின்னா ஒண்ணும் பண்ணாது. அதுக்கு 'பிளாக் ஸ்பாட்'னே எழுது. ஓடு மெத்துன்னு இருந்தா சாஃப்ட் ஷெல், ஒடஞ்சிருந்தா புரோக்கன், பெட்டி நசுங்குனா டேமேஜ்ட். என்ன கோளாறுன்னு சொல்லிட்டா அங்க பேட்டுக்கு வேலையே இல்ல.

கடலுக்கு ரஃப். கச்சான் காத்து தூக்கி அடிக்குற நாள்ல, பாம்பன்ல புயல் கூண்டு ஏத்தி, போட்டு கடலுக்கு போக டோக்கன் குடுக்காத நாள்ல, 'ரஃப் சீ'ன்னு போட்டாலே லோடு ஏன் லேட்டுன்னு அவங்களுக்கு வெளங்கிரும். தரம் கம்மின்னா புவர், போன் சிக்னலுக்கும் அதேதான். மரியாதை இல்லாம பேசுனா ரூட்.

தெசாரஸ்னு ஒரு வார்த்தை புத்தகம் இருக்கே, பீட்டர் மார்க் ரோஜேன்னு ஒரு டாக்டர் 1852ல போட்டது, அதுல வார்த்தைகள கருத்து வாரியா கூட்டம் கூட்டமா வச்சிருப்பாரு, ஒரே கூட்டத்துல இருக்குன்னு ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண தூக்கி போட்டுற முடியாது. 'ஈவில்'னு ஒண்ணு கண்ணுல படும், அத மழைக்கும் மீனுக்கும் போட்றாத, மனசறிஞ்சு கெடுதல் பண்றவங்களுக்கு உள்ளது அது. டெரிபிள், ஆஃபுல் ரெண்டுலயும் நம்ம கோவம் கலந்துரும், பேசும்போது சரி, வியாபார மெயிலுக்கு வேணாம்.

பேட்டே சரியா உக்கார்ற எடமும் இருக்கு. பேட் நியூஸ், பேட் லக், பேட் ஹேபிட். வராத கடன கணக்குல 'பேட் டெப்ட்'னுதான் எழுதுவாங்க, அதுல மட்டும் கை வைக்காத.