லீவே எடுக்காத கணக்காளர்: வாசகர் கேள்வி-பதில்

கே: சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன். கல்லாவில் தினமும் 200, 300 குறைகிறது. யார் எடுக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈரோடு வாசகர்)

ப: ஒரு கல்லாவில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எழுதவே இல்லையே! மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் பில் போட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு லாகின் கொடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது சில்லறை உட்பட எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். கம்ப்யூட்டர் காட்டும் தொகையைப் பார்க்காமல் எண்ண வேண்டும். அப்புறம், குறைகிற கல்லாவைவிட, ரத்தான பில்கள் நிறைய இருந்தும் பைசா பிசகாமல் நிற்கிற கல்லாதான் எனக்குப் பயம். வாடிக்கையாளர் போனபின் பில்லை ரத்து செய்து பணத்தை எடுத்தால் கணக்கு சரியாகவே இருக்கும். ரத்து செய்யும் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

கே: ஆறு கேமரா வைத்தும் ஸ்டாக் குறைகிறது. (மொபைல் உதிரிபாகக் கடை, திருச்சி)

ப: கடைசியாக எப்போது எண்ணினீர்கள்? கடிதத்தில் ஒரு எண்கூட இல்லை. கேமரா சரக்கை எண்ணாது. விலை கூடிய, சட்டைப்பையில் அடங்குகிற 20 ஐட்டங்களை வாரம் ஒருமுறை நீங்களே எண்ணுங்கள். எந்த வாரம், எது குறைந்தது என்று தெரிந்த பிறகுதான் கேமராவுக்கு வேலை.

கே: வேலைக்குச் சேர்க்கும்போதே வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் வாங்கி வைக்கலாமா? (கரூர்)

ப: கூடாது. முந்தைய முதலாளிக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள். அந்தப் போனை யாரும் செய்வதில்லை.

கே: விநியோக ஏஜென்சி நடத்துகிறேன். 12 வருடமாக ஒரே கணக்காளர், தங்கமான மனிதர். ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. வசூல், ரசீது, பேங்க் எல்லாம் அவரே. மனைவி கணக்கைச் சரிபார்க்கச் சொல்கிறார். கணக்காளர் மனம் புண்படுமோ? (பெயர் வேண்டாம், மதுரை)

ப: மனைவி சொல்வதைக் கேளுங்கள். 'லீவே எடுக்காத ஆள்' என்று முதலாளிகள் பெருமைப்படும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். வசூலிப்பவர் வேறு, கணக்கு எழுதுபவர் வேறு, பேங்க் ஸ்டேட்மென்ட் பார்ப்பவர் வேறு. இதை எத்தனை தடவைதான் எழுதுவது!

ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் நான் பார்த்தது. கணக்காளருக்கு அம்மை போட்டு மூன்று வாரம் வீட்டில் படுத்துவிட்டார். பாக்கி கேட்டுப் போன் செய்த முதலாளியிடம் ஒரு கான்ட்ராக்டர் நேரில் வந்து ரசீதை நீட்டினார். அவர் கையில் இருந்த ரசீதில் 48,000. கடையின் கார்பன் பிரதியில் 18,000. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பெயரும் தேதியும் அச்சாகப் பொருந்தின. தொகை மட்டும் ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. அந்த இடத்தில் அட்டையைச் செருகிவிட்டு, பிரதியில் பிறகு எழுதியிருக்கிறார்.

தோண்டினால், ஒருவர் கட்டியதை எடுத்துக்கொண்டு, அடுத்தவர் பணத்தை முதலாமவர் கணக்கில் வரவு வைத்து, அதை மூட மூன்றாமவர் பணம் என்று நான்கு வருடமாக ஓடியிருக்கிறது. போனது 11 லட்சம் போல. தினமும் ஆள் சீட்டில் இருந்தால்தான் இந்தச் சங்கிலி அறாது. லீவு எடுக்காததன் ரகசியம் அதுதான். முதலில் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு 5,000 எடுத்தாராம், திருப்பி வைக்கத்தான் நினைத்தாராம். யாராவது மாதாமாதம் பார்த்திருந்தால் அந்த 5,000-லேயே நின்றிருக்கும். அந்தக் குடும்பமும் தப்பியிருக்கும். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை வருடம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், குறைந்தது 10 வேலை நாள் தொடர் விடுப்பில் அனுப்பச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. நீங்களும் எல்லோருக்கும் பொதுவாக அதே விதியை வையுங்கள், யார் மனமும் புண்படாது. அந்த நாட்களில் அவர் சீட்டில் வேறு ஆள் உட்கார வேண்டும். பாக்கிதாரர்களுக்கு நிலுவை விவரத்தை நீங்களே நேராக அனுப்பிச் சரியா என்று கேளுங்கள்.

கே: டீக்கடை. ஜிபே வசூல் திடீரென்று பாதியாகிவிட்டது. (சேலம்)

ப: ஒட்டியிருக்கும் கியூஆர் கோடில் நீங்களே ஒரு ரூபாய் போட்டு, யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். தினமும் கடை திறந்ததும் இதைச் செய்யுங்கள்.

கே: குடோன் பையன் சரக்கைக் கடத்தியது கேமராவில் சிக்கிவிட்டது. மற்ற பையன்கள் நாலு சாத்து சாத்தலாம், வாட்ஸ்அப்பில் போடலாம் என்கிறார்கள். போலீஸுக்குப் போனால் நிற்குமா? (திருப்பூர்)

ப: கை வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். வீடியோவையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். வேலையாள் முதலாளி பொருளைத் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) பிரிவு 306, நம்பி ஒப்படைத்ததைக் கையாடினால் 316(4). இரண்டிலும் ஏழு வருடம் வரை சிறை உண்டு. புகாரோடு ஸ்டாக் பதிவேடு, பில், வருகைப் பதிவு எல்லாம் கொடுங்கள். எண்ணி எழுதிய ஸ்டாக் இல்லாவிட்டால் எவ்வளவு போனது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பதானால் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான்.

முதலில் கேமராப் பதிவைப் பென்டிரைவில் எடுங்கள். பல கேமரா ரெக்கார்டர் பெட்டிகளில் 15, 30 நாளில் பழையது அழிந்துவிடும். உங்கள் கடிதத் தேதிப்படி ஏற்கெனவே ஒன்பது நாள் போய்விட்டது.